பெல்ட் பரிசீலனையில் உள்ளது

திங்கட்கிழமை காலையில் பரிசீலனையார் ஒரு சபதம் செய்தார். காருக்கு முன்னால் நின்று, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, எதிர்வீட்டுக்கும் கேட்கும்படியே செய்தார்.

"இந்தச் சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்காம ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டேன்!"

"ஆறிப் போகுது. குடிச்சிட்டுக் கண்டுபிடிங்க," என்றாள் மனைவி, ஜன்னல் வழியாக டம்ளரை நீட்டி.

வாங்கிக் குடித்தார். சபதத்தின் மிச்சம் அப்படியே இருந்தது.

அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஓடத் தொடங்கும். அதற்கு முன்பே பானெட்டுக்குள்ளிருந்து 'கீ...ய்ங்' என்று ஓர் அலறல் கிளம்பும். கரும்பலகையில் நகத்தால் கீறினால் பல் கூசுமே, அந்தச் சத்தம்தான். இது தெரு முழுக்கக் கூசும். கொஞ்ச தூரம் ஓடி இன்ஜின் சூடானால் அடங்கும். விளக்கைப் போட்டால் மறுபடி எழும். ஏசி போட்டால் இன்னும் உரக்கக் கத்தும். ஒரு வாரமாக அவர் ஆபீஸுக்குப் போவது ஊருக்கே தெரிந்தது. ஒரு வாரமாக அவர் தாமதமாகப் போவதும் ஊருக்கே தெரிந்தது.

பரிசீலனையார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை, தெரு வைத்தது. அவருக்குத் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. குழாய் ஒழுகுகிறது, தண்ணீரே வரவில்லை, வந்த தண்ணீர் காப்பி நிறத்தில் வருகிறது, எதை எடுத்துக்கொண்டு யார் போனாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "பரிசீலனையில் உள்ளது." முடியாது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. முடித்துக் கொடுத்ததாகவும் யாரும் சொன்னதில்லை. "மறுத்தா சண்டைக்கு வருவான். முடிச்சுக் கொடுத்தா அடுத்த புகாரோட வருவான். நடுவுல நிறுத்தி வச்சா வணக்கம் சொல்லிட்டுப் போவான்," என்பது அவர் பல வருடம் உட்கார்ந்து கண்ட ஞானம்.

மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தெருவுக்கு அவள் டீச்சர். அவளும் கோபம் வந்தால் மட்டும் கணவனைப் பரிசீலனையார் என்பாள். அதனால் அந்த வீட்டில் அந்தப் பெயர் அடிக்கடி கேட்கும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆபீஸில் எப்படியோ, காரின் முன்னால் அவர் வேறு மனிதர். அது பழைய கார். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் பேச்சைக் கேட்கிற ஒரே பொருள் அதுதான். அதன் ஒவ்வொரு திருகாணியும் அவருக்கு அத்துப்படி.

பானெட்டைத் திறந்தார். இன்ஜினை ஓடவிட்டார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, மறுமுனையை, பெல்ட்டால் சுழன்று பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிற டைனமோவின் மேல் ஊன்றிக் கேட்டார். பேரிங் போயிருந்தால் உள்ளே கரகரவென்று அரைக்கும். அரைக்கவில்லை. பேரிங் பாவம், நிரபராதி.

"அந்த இஸ்திரி போடறப்ப தண்ணி தெளிக்கிற பாட்டிலைக் கொடு," என்று உள்ளே கை நீட்டினார்.

"காருக்கு இஸ்திரியா?"

"உனக்குச் சொன்னா புரியாது. சும்மா பாரு. ஓடற பெல்ட்ல தண்ணி தெளிப்பேன். சத்தம் அடங்கிச்சுன்னா பெல்ட் கோணலா ஓடுதுன்னு அர்த்தம். சத்தம் கூடிச்சுன்னா பெல்ட் தளர்ந்து வழுக்குதுன்னு அர்த்தம்."

"புரிஞ்சுதே," என்றாள் அவள். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

தெளித்தார். பெல்ட் அலறிய அலறலில் சுவரிலிருந்த பூனை ஒன்று எதிர்வீட்டுச் சுவருக்கு இடம் மாறியது. பரிசீலனையாரின் முகம் மலர்ந்தது. இன்ஜினை அணைத்தார். கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். தொளதொளவென்று உள்ளே போயிற்று. டைனமோவைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தினார். ஒரு இரும்புப் பட்டையால் டைனமோவை நெம்பிப் பெல்ட்டை விறைப்பாக்கினார். போல்ட்டை இறுக்கினார். சாவியைத் திருப்பினார்.

மூச்சுக்கூட விடாமல் கார் ஓடியது. விளக்கைப் போட்டார். ஏசியைப் போட்டார். ஸ்டியரிங்கைக் கடைசி வரை வளைத்தார். சத்தமே இல்லை. அந்த ஒரு வாரத்தில் அவர் தோள் முதல் தடவையாகக் கீழே இறங்கியது. இந்த நல்ல செய்தியை மனைவியிடம் எப்படிச் சொன்னால் பாராட்டு அதிகம் கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே, கையைத் துணியில் துடைத்தபடி வாசற்படி ஏறினார். அப்போது உள்ளே அவள் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"ஆமாண்ணே... சனிக்கிழமை காலையில கிளம்பிடறோம். ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் திரும்பறோம். புது வீட்டை நான் இன்னும் பாக்கவே இல்லையே! என்னது? அவருக்காகவா? முன்னாடியே அடுக்கி வச்சிருக்கியா? சொல்றேன், சந்தோஷப்படுவார்."

பரிசீலனையார் ஏறிய படியிலேயே நின்றார். அடுக்கி வைத்திருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். கூம்பு. ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கூம்பு.

மனைவியின் அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். அவருடைய பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. மற்ற கார்களில் அது கிடையாது என்பதை அவர் கால் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பரிசீலனையார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால், தரையை மிதித்து மிதித்து மிதியடியில் குழி விழுந்துவிடும். போன தடவை போயிருந்தபோது, "மாப்ளே, உங்க ரிவர்ஸ் கொஞ்சம் பலவீனம்" என்று சொல்லி, மைதானத்தில் கூம்புகளை நட்டு, சாப்பிட்ட கையோடு அவரை ஒரு மத்தியானம் முழுக்கப் பின்னோக்கியே ஓட்டவிட்டார். வேடிக்கை பார்க்க மாணவர்கள். கூம்பு விழும்போதெல்லாம் கைதட்டல். அந்தக் கைதட்டலை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் காது சிவக்கும்.

அவர் வாசற்படியில் இறங்கினார். ஏறினார். மறுபடி இறங்கினார். பாராட்டு ஒரு பக்கம், கூம்பு ஒரு பக்கம். கால் நிற்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு பானெட்டைத் திறந்து, அந்த போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு, கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தினார். சாவியைத் திருப்பினார்.

கீ...ய்ங்!

மனைவி வெளியே வந்தாள். "சத்தம் நின்னு போயிருந்ததே? கண்டுபிடிச்சிட்டீங்கன்னு நினைச்சேன்."

"கண்டுபிடிச்சேன். ஆனா நான் கண்டுபிடிச்சது அது இல்லைன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சேன்."

"சனிக்கிழமைக்குள்ள சரியாயிடும்ல? அண்ணனைப் பார்த்து ரொம்ப நாளாச்சுங்க. ஒவ்வொரு தடவையும் ஏதாவது வந்துடுது."

சொல்லும்போது அவள் முகம் ஒரு கணம் வாடியது. அவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அதைப் பொறுத்துக்கொண்டு சொன்னார்:

"பரிசீலிக்கிறேன்."

அவள் காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள். அந்தப் பார்வை அவருக்கு அவ்வளவு நல்லதாகப் படவில்லை.

செவ்வாய்க்கிழமை அவருக்கு நிம்மதி இல்லை. சத்தத்தை உண்டாக்கியவர் அவர்தான். ஆனால் அதைத் தாங்கத் தெரியாதவரும் அவர்தான். சிக்னலில் நின்றால் நடந்து போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வளைவில் திரும்பினால் தெருநாய்கள் கூடவே ஓடிவந்து பாடின. ஒவ்வொரு அலறலுக்கும் அவர் கை தானாக ஸ்பேனரைத் தேடிப் போயிற்று; இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை முழங்காலால் ஓட்டினார் என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கும். ஆனால் ரொம்ப மிகை இல்லை.

வீட்டுக்கு வந்து இறங்கினால், பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலியோரம் நின்றிருந்தார். ரொட்டி சுடுகிறவர். ஊர் எழும் நேரத்தில்தான் அவர் படுப்பார்.

"சார், உங்ககிட்ட ஒரு புகார் கொடுக்கலாமா?"

"தண்ணி சம்பந்தமாவா?"

"கண்ணீர் சம்பந்தமா. காலையில நான் கண்ணை மூடறேன், நீங்க சாவியைத் திருப்பறீங்க. நேத்து உப்புன்னு நினைச்சு மாவுல சர்க்கரையைக் கொட்டிட்டேன் சார், தூக்கக் கலக்கத்துல."

"நல்லா இருந்திருக்குமே?"

"அது மூக்கு வரைக்கும் நல்லாத்தான் இருந்தது. வாய்க்குள்ள போனவங்க திட்டறாங்க. ஒரு மெக்கானிக்கிட்டக் காட்டக் கூடாதா?"

"மெக்கானிக்கா! அவங்களுக்கு என்ன தெரியும்? இது ரொம்ப நுணுக்கமான சத்தம்." குரலைத் தாழ்த்தினார். "பரிசீலனையில இருக்கு."

பேக்கரிக்காரர் தலையணையைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

புதன்கிழமை மாலை மனைவி காருக்குப் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கேட்கவில்லை. அவளாகவே வந்து நின்றாள். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும்போது போடுகிற கண்ணாடியை அன்றைக்கு அணிந்திருந்தாள்.

"விளக்குப் போட்டாத்தானே கத்துது?"

"ஆமா."

"ஏசி போட்டா இன்னும் கத்துது."

"ஆமா, ஆமா."

"அப்ப ரெண்டையும் போடாமப் போகலாமே? சனிக்கிழமை பகல்லதானே போறோம். ஜன்னலைத் திறந்து வச்சிக்கிட்டா காத்து நல்லா வரும்."

பரிசீலனையார் பானெட்டுக்குள் தலையை விட்டபடியே யோசித்தார். தலை உள்ளே இருந்தால் யோசிக்கிற முகம் வெளியே தெரியாது.

"அப்படிச் சொல்ல முடியாது. தளர்ந்த பெல்ட்டு நடு வழியில அறுந்துட்டா? பேட்டரி ஏறாது. வண்டி அங்கேயே நிக்கும். உன்னை ரோட்டோரமா உட்கார வைக்க எனக்கு மனசு வருமா?"

"அப்ப பெல்ட்டு தளர்ந்திருக்குன்னு தெரியுது. இறுக்கிடலாமே?"

"இறுக்கினாப் போதாது. மாத்தணும்."

"அப்ப மாத்திடலாமே?"

"இந்தப் பழைய வண்டிக்கு பெல்ட்டு எங்க கிடைக்கும்? சொல்லி வைக்கணும், வரவழைக்கணும், வந்து சேரணும்..." ஆபீஸில் சொல்கிற சொற்கள் அவர் வாயில் தாமாக வரிசைகட்டி வந்தன. "மேல்நடவடிக்கை எடுக்கணும்."

"ஓ," என்றாள் அவள்.

அந்த 'ஓ' அவரைச் சாப்பாட்டு மேசை வரை பின்தொடர்ந்தது. அதைத் துரத்துவதற்காகவே அவர் ஆபீஸ் கதையை எடுத்தார். அன்றைக்கு ஆபீஸில் நிஜமாகவே ஒரு கதை இருந்தது.

"இன்னிக்கு ஒரே அமளி. பெரிய அதிகாரி நேரடியா ஆய்வுக்கு வர்றார்னு காலையில சேதி. எல்லாரும் வேலை பார்த்தாங்க! என் கண்ணால பார்த்தேன். மார்க்கெட் முனையில ஒரு குழாய், எனக்கு நரை விழறதுக்கு முன்னாடியிலேர்ந்து ஒழுகிட்டிருக்கு. அதை ஒரே காலையில அடைச்சிட்டோம்னா பாரேன்."

"அட! அதிகாரி பாராட்டினாரா?"

"எங்க வந்தார்? அவர் லீவுல இருக்காராம். யாரோ கிளப்பிவிட்ட புரளி." பரிசீலனையார் சிரித்ததில் புரை ஏறியது. "அவர் வரவே வேண்டியதில்ல. வர்றார்ங்கிற சேதி போதும். வேலை தானா நடக்கும்!"

அவளும் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவரைவிடக் கொஞ்ச நேரம் கூடவே சிரித்தாள். தன் நகைச்சுவை இன்னும் மங்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அவள் பள்ளியிலிருந்து வரும்போது கையில் ஒரு பொட்டலம். மேசைமேல் வைத்தாள். பிரித்தால், கன்னங்கரேலென்று புத்தம்புது பெல்ட்.

"வர்ற வழியில உதிரிப்பாகக் கடை இருந்தது. வண்டிப் பேரைச் சொன்னேன், வருஷத்தைச் சொன்னேன். கை நீட்டி எடுத்துக் கொடுத்தாங்க. வரவழைக்கவே வேணாம்னுட்டாங்க."

பரிசீலனையாரின் வாய் திறந்தது. திறந்ததை மூட ஏதாவது சொல்ல வேண்டும். பெல்ட்டை எடுத்தார். இழுத்தார். வளைத்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு அவளுடைய தையல் டேப்பை வாங்கிச் சுற்றி வைத்து அளந்தார்.

"அடடா! அரை விரல் நீளம் ஜாஸ்தி."

"அரை விரல்தானே?"

"நீ என்ன, அரை விரல்தானேங்கிற? ஜாக்கெட்டா இது, ஒரு தையல் உள்ள பிடிக்கிறதுக்கு? பெல்ட்டு!"

"அப்படியா?" அவள் பெல்ட்டை வாங்கினாள். "கடைக்காரர் ரொம்ப உறுதியாச் சொன்னார். சரி, சனிக்கிழமைக்கு அப்புறம் திருப்பிக் கொடுத்துடறேன்." சமையலறைக் கதவுக்குப் பின்னால், பைகள் தொங்குகிற ஆணியில் அதை மாட்டினாள். மாட்டிவிட்டு மறுபடியும் 'ஓ' என்றாள். இந்தத் தடவை சின்ன 'ஓ'.

வெள்ளிக்கிழமை மாலை போன் அடித்தது. அவள் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவர் மடியிலேயே வைத்துவிட்டாள்.

"மாப்ளே!" மடி அதிர்ந்தது. "வண்டி கத்துதாமே? இன்னும் கிளட்ச் மேலேயே காலை வச்சிட்டு ஓட்டறீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல மச்சான்... இது பெல்ட்டு..."

"எல்லாத்துக்கும் சம்பந்தம் உண்டு மாப்ளே. ஓட்டறவன் சரியா இருந்தா வண்டி ஏன் கத்தப் போகுது? தண்ணி தெளிச்சுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"கூடிச்சா, கொறஞ்சுதா?"

பரிசீலனையார் மனைவியைப் பார்த்தார். அவள் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி மட்டும் அசையாமல் நின்றது.

"கொஞ்சம் கூடி... அப்புறம் கொஞ்சம் கொறஞ்சு..."

"அது எப்படி? சரி, போனை அவகிட்டக் கொடுங்க."

அவள் போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். உட்கார்ந்தார். பழத் துண்டு ஒன்றை எடுத்து, வாயில் போடாமல் தட்டிலேயே திரும்ப வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். முகம் பிரகாசமாக இருந்தது.

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி. நாம போக வேண்டியதில்ல."

"அப்படியா!" அவர் துள்ளியே விட்டார். உடனே முகத்தைச் சோகமாக்கினார். "ச்சே, நீ ஆசையா இருந்தியே."

"அதான் அண்ணனே வர்றாராம். விடிஞ்சதும் இங்க நிப்பேன்னார். ஸ்பேனர் பெட்டியோட. வண்டி கத்தறது நிக்கற வரைக்கும் நம்ம வீட்ல தங்கறாராம். அவசரமே இல்லையாம், ஸ்கூலுக்கு ரெண்டு வாரம் லீவு விட்டுட்டாராம்."

பரிசீலனையார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது மட்டுமில்ல. தினமும் காலையில உங்களோட ஆபீஸ் வரைக்கும் கூடவே வர்றாராம், பக்கத்து சீட்ல உட்கார்ந்து. பெல்ட்டோட சேர்த்து உங்க ஓட்டுதலையும் சரி பண்ணிடறேன்னார். எவ்வளவு பாசம் பாருங்க!"

"அவருக்கு... எதுக்கு வீண் சிரமம்?"

"எனக்கும் சங்கடமாத்தான் இருந்தது. 'அவர் பரிசீலிச்சிட்டே இருக்கார்ண்ணே'ன்னு சொல்லிப் பார்த்தேன். கேக்கலை."

இரண்டு வாரம். தினமும் போக, தினமும் வர. பக்கத்து சீட்டில் மிதிக்கிற கால். ஆபீஸ் வாசலில், சக ஊழியர்கள் பார்க்க, "மாப்ளே, வளைவை அகலமா எடுங்க!" கூம்புகள் ஆபீஸ் வளாகத்துக்கே வரும். பரிசீலனையார் அன்றிரவு தூங்கினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சனிக்கிழமை வெளுத்தும் வெளுக்காததுமாக அவர் காருக்கு முன்னால் நின்றார். சபதம் எதுவும் செய்யவில்லை. நேரமில்லை. பானெட்டைத் திறந்தார். போல்ட்டைத் தளர்த்தினார், டைனமோவை நெம்பினார், இறுக்கினார். திங்கட்கிழமை செய்த அதே வேலை. கை பழகியிருந்தது. சாவியைத் திருப்பினார்.

கீ...ய்ங்!

இன்னும் இறுக்கினார். கீய்ங்! இன்னும். கீய்ங்! இன்ஜினை அணைத்து, பெல்ட்டின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். தடவியதும் புரிந்துபோயிற்று. ஐந்து நாளாகத் தொளதொளவென்று வழுக்கி வழுக்கி ஓடியதில், பெல்ட் தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது. இனி எவ்வளவு இறுக்கினாலும் அது புல்லிச் சக்கரத்தைப் பிடிக்காது. திங்கட்கிழமை பொய்யாகக் கெடுத்தார். இப்போது நிஜமாகவே கெட்டிருந்தது.

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. பேக்கரிக்காரர் தலை தெரிந்தது. கை கூப்பினார். ஜன்னல் மூடியது.

மாற்றுப் பெல்ட் ஒன்றுதான் இருந்தது. அரை விரல் நீளம் அதிகமான பெல்ட்.

பரிசீலனையார் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் வீட்டுக்குள் தானே திருடன் போல நுழைந்தார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நல்லதாயிற்று. சமையலறைக் கதவுக்குப் பின்னால் கையை விட்டு, ஆணியிலிருந்து பெல்ட்டை உருவினார். கூடவே இரண்டு பைகளும் வந்தன. பைகளை மறுபடி மாட்டக் கூடப் பொறுமை இல்லை. தரையிலேயே விட்டுவிட்டு ஓடினார்.

பழைய பெல்ட்டைக் கழற்றினார். புதியதைப் புல்லிகளின் மேல் ஏற்றினார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. அரை விரல் இல்லை, அரை நூல்கூட அதிகமில்லை. நெம்பினார். இறுக்கினார். கட்டைவிரலால் அழுத்தினார். திட்டமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

கார் ஓடுகிறதா என்று சந்தேகம் வந்து கண்ணைத் திறந்து பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு, ஏசி, ஸ்டியரிங், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சோதித்தார். ஒரு முனகல் இல்லை. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. எத்தனையோ வருட உத்தியோகத்தில் அவர் ஒரு புகாரை முழுசாக முடித்து வைத்தது இதுதான் முதல் தடவை. அது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

"நின்னு போச்சு!" என்று கத்திக்கொண்டே, பழைய பெல்ட்டும் கையுமாக வாசலுக்கு ஓடினார். "ஏம்மா! சத்தம் நின்னு போச்சு! உடனே மச்சானுக்குப் போன் போடு. வர வேண்டாம்னு சொல்லு. பாதி வழியில இருந்தாலும் திரும்பிப் போகச் சொல்லு!"

கதவு திறந்தது. மனைவி நல்ல புடவை கட்டி, தலை வாரி, கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கையில் துணிப்பெட்டி. இன்னொரு கையில், அண்ணன் வீட்டுக்கென்று கட்டி வைத்திருந்த பழக்கூடை. குளியலறையில் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. அதை அவள் நிதானமாகப் போய் மூடிவிட்டு வந்தாள்.

"அளவு சரியா இருக்கா?" என்று கேட்டாள், அவர் கையிலிருந்த பழைய பெல்ட்டைப் பார்த்து.

அவர் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"திங்கட்கிழமையே தெரியுங்க," என்றாள் அவள், பெட்டியைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டே. "நான் போன்ல பேசறதுக்கு முன்னாடி சத்தமே இல்லை. பேசி முடிச்சதும் வந்துடுச்சு. என் கிளாஸ்லயும் இப்படித்தான். பரீட்சைன்னு சொன்ன உடனே நாலு பேருக்கு வயித்து வலி வரும். எங்கேர்ந்து வருதுன்னு நான் தண்ணி தெளிச்சா பார்க்கறேன்?"

பரிசீலனையார் பெல்ட்டை முன்னால் எடுத்து, பேச்சை மாற்றினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். எதுக்கு இப்ப பெட்டி? மச்சான்தான் இங்க வர்றாரே?"

"அண்ணன் எங்க வர்றார்? அவர் கூம்பெல்லாம் அடுக்கி வச்சிட்டு, அங்கதான் உங்களுக்காகக் காத்திட்டிருக்கார்."

"விடிஞ்சதும் வர்றார்னு நீதானே சொன்னே!"

அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பழக்கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியை எடுத்துத் துடைத்தபடி, புதன்கிழமை சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள்.

"அவர் வரவே வேண்டியதில்ல, வர்றார்ங்கிற சேதி போதும், வேலை தானா நடக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"